இருக்கை உயரமும் இடுப்பு வலியும்: ஒரு ஹிமாலயன் நாட்குறிப்பு

2024 ஜனவரி 7

கீழ்முதுகில் எல்-4, எல்-5 முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு சற்றுப் பிதுங்கியிருப்பதாக எம்.ஆர்.ஐ. படம் காட்டிய நாளிலிருந்து, என் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளான ஹிமாலயன் 411-ஐ விற்றுவிடும்படி வீட்டில் ஒரே பேச்சு. பிசியோதெரபிஸ்ட் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. எந்த அசைவில் வலிக்கிறது என்று கவனித்து எழுதி வரச் சொன்னார். கவனித்தவரையில், வண்டி ஓடும்போது வலி குறைவு. சிக்னலில் இடது காலின் நுனிவிரல்களை மட்டும் ஊன்றி 199 கிலோ எடையைச் சாய்த்துத் தாங்கும்போதும், சாய்வான வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போதும்தான் இடுப்பு சுருக்கென்று பிடித்துக்கொள்கிறது. இருக்கை உயரம் 800 மி.மீ.; நான் 5 அடி 4 அங்குலம். ஆகவே வண்டியை விற்பதற்கு முன் அதைத் தாழ்த்திப் பார்ப்பது என்று முடிவு.

2024 ஜனவரி 14

எதைத் தாழ்த்துவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இருக்கையின் ஃபோமைச் செதுக்கினால் கால் தரைக்கு நெருங்கும், ஆனால் இருக்கைக்கும் கால்மிதிக்கும் உள்ள இடைவெளியும் அதே அளவு குறையும். முழங்கால் கூடுதலாக மடங்கும். இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரியும். கீழ்முதுகின் இயல்பான வளைவு மறைந்து, பிதுங்கிய வட்டின் மேலேயே சுமை இறங்கும். சிக்னலில் அரை நிமிடம் கிடைக்கும் சுகத்துக்காக இரண்டு மணி நேரம் கூன் போட்டு உட்கார வேண்டியிருக்கும். சஸ்பென்ஷனைத் தாழ்த்தினால் இருக்கையும் கால்மிதியும் சேர்ந்தே இறங்குவதால் அமரும் நிலை மாறாது. நண்பர்களில் பலர் நேராக ஃபோமில் கத்தி வைப்பது, அது மலிவு என்பதற்காக மட்டுமே என்று நினைக்கிறேன்.

பின்பக்க சஸ்பென்ஷனில், ஷாக் அப்சார்பரையும் பின்சக்கரத்தைத் தாங்கும் கையையும் இணைக்கும் லிங்க் பட்டைகளை நீளமானவையாக மாற்றும் வழியும் உண்டு. அதில் வண்டி நன்றாகவே இறங்கும். ஆனால் 220 மி.மீ. தரை இடைவெளி குறையும், முன்பக்கத்தையும் ஈடாக இறக்காவிட்டால் ஸ்டீயரிங் மந்தமாகும், இறங்கிய வண்டிக்கு சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நெட்டுக்குத்தாக நிற்கும், அதைக் காற்று தள்ளினாலே சாய்ந்துவிடும் என்பதால் ஸ்டாண்டை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு வேண்டாம்.

2024 ஜனவரி 21

செலவில்லாத வேலை முதலில். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தொங்கிய நிலையில், அச்சாணியிலிருந்து பின்னிருக்கைக் கம்பியில் ஒட்டிய டேப் வரை உயரத்தை அளந்தேன். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சுவரில் ஒரு கையை ஊன்றி ஏறி உட்கார, மனைவி மறுபடி அளந்தார். 38 மி.மீ. மட்டுமே இறங்கியிருந்தது. பின்சக்கரத்தின் மொத்த அசைவு 180 மி.மீ.; அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓட்டுபவரின் எடையிலேயே இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கொடைக்கானலுக்கு இருவராகச் சாமான்களோடு போனபோது இறுக்கிய ஸ்பிரிங் அப்படியே இருந்திருக்கிறது. சி வடிவ ஸ்பேனரால் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தைத் தளர்த்தித் தளர்த்தி அளந்து, 55 மி.மீ.-இல் நிறுத்தினேன்.

அதாவது, ஒரு பைசா செலவின்றி 17 மி.மீ. கிடைத்தது. இன்னும் தளர்த்தலாமே என்ற ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வேகத்தடையில் ஷாக் அடிமட்டம் வரை இறங்கி இடித்தால், அந்த அடி நேராக முதுகெலும்புக்குத்தான் போகும். பின்பக்கம் இறங்கியதால் ஹெட்லைட் ஒளி மேலே தூக்கியது, திருகித் தாழ்த்திக்கொண்டேன். முன்பக்க சஸ்பென்ஷனான ஃபோர்க்கைத் தொடவில்லை.

2024 பிப்ரவரி 4

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சீட் தைக்கும் பாயிடம் ஓட்டுநர் இருக்கையை மட்டும் கழற்றிக் கொண்டுபோனேன். பார்த்த உடனே, "ஒரு இஞ்ச் எடுத்துடலாம் சார், கால் நல்லா எட்டும்" என்றார். உயரத்தில் எதுவும் எடுக்க வேண்டாம் பாய், டேங்கை ஒட்டிய இரண்டு தோள்களை மட்டும் சரித்துக் கொடுங்கள் என்றேன். கால் தரைக்கு நேராக இறங்குவதில்லை, தொடை இருக்கையின் அகலத்தைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது. அந்த அகலம் குறைந்தால் உயரத்தை விட்டுக்கொடுக்காமலே பாதம் கீழே வரும். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று சாக்பீஸை எடுத்தார்.

அவர் வேலை செய்யும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரின் நுனியால் ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி ரெக்சினை உரித்தார். ஹாக்சா பிளேடால் ஃபோமைச் சரிவாக அறுத்து, கிரைண்டரில் எமரித் தாளை மாட்டி மேடுகளைத் தேய்த்து, நடுநடுவே உள்ளங்கையால் தடவி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தார். உட்காரும் எலும்புகள் படும் பின்பகுதியில் கைவைக்கவே இல்லை. வெட்டுப்பட்ட ஃபோம் பஞ்சுபோல நீரை உறிஞ்சும் என்பதால், அதன்மேல் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுற்றிய பிறகே புது ரெக்சினை இழுத்துப் பின் அடித்தார்.

2024 பிப்ரவரி 11

கால் தரைக்கு இன்னும் கொஞ்சம் எட்டுவதற்காக, வண்டி ஓட்டும் ஷூக்களை அடையாற்றில் ஒரு செருப்புக் கடையில் கொடுத்து, 12 மி.மீ. மைக்ரோசெல்லுலார் ரப்பர் அட்டை ஒன்றை அடியில் ஒட்டித் தைத்துவாங்கினேன். கியர் லீவரின் கீழ் ஷூ நுழைய இடம் போதவில்லை. லீவரை ஒரு பல் மேலேற்றிப் பொருத்தியதும் சரியாயிற்று.

2024 பிப்ரவரி 25

இப்போது இரண்டு கால்களின் முன்பாதமும் ஒரே நேரத்தில் தரையில் படுகின்றன. ஒரு காலை மட்டும் ஊன்றினால் குதிகாலும் பதிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பியபோது முழங்கால் மடிப்பில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிசியோதெரபிஸ்டிடம், வண்டியில் உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டில் எடுத்த படத்தைக் காட்டினேன். இடுப்பின் வளைவு கெடவில்லை என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: உட்கார்ந்தபடி வண்டியைப் பின்னுக்குத் தள்ளவே கூடாது, இறங்கி, இடது பக்கம் நின்று, இருக்கையில் இடுப்பைச் சேர்த்துக்கொண்டு நகர்த்த வேண்டும். எவ்வளவு தாழ்த்தினாலும் அந்த அசைவில் முதுகு முறுக்கத்தான் செய்கிறது என்பதால் மறுபேச்சுப் பேசவில்லை.

அடுத்த வாரம் மனைவியோடு புதுச்சேரிக்குப் போவதற்கு ஸ்பிரிங்கை மறுபடி இறுக்க வேண்டும். இருவருக்கான நிலையை வெள்ளைப் பெயிண்டாலும், தனியாக ஓட்டும் நிலையைச் சிவப்பாலும் ஷாக்கின் மரைமீது குறித்துவைத்தால் ஒவ்வொரு முறையும் அளவு டேப்பைத் தேட வேண்டியதில்லை.