இப்போதைக்கு

“சுத்தி வளைக்காம சொல்லுங்க சார். ஆபத்தா, இல்லையா?”

“இப்போதைக்கு இல்லை” என்றேன். அவர் காதில் ஏறியது ‘இல்லை’ மட்டும்தான். அது அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் திருத்தவில்லை.

படகு விடவும் தூண்டில் போடவும் அவர் சொந்தமாக வைத்திருக்கும் சின்ன மண் அணை. கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் ஒரு கசிவு. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக வந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் உள்ளிருந்து மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது. பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. பதிலைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை, காரில் கிடந்த அந்தப் பாட்டிலின் அடியில் ஒரு சிட்டிகை நுண்மணல். பாட்டில் வாயைச் சேற்றில் அழுத்திப் பிடித்ததும் நான்தான், அப்போது புகுந்திருக்கலாம். அறிக்கையில் மணலைக் குறிப்பிட்டேன், மூன்றாம் பக்கத்தில். ‘நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்குங்கள்’ என்று எழுதவில்லை. இறக்கினால் படகு தரை தட்டும், விடுமுறைக் கூட்டம் வேறு வரும் நேரம். ஒரு சிட்டிகை மணலை வைத்து அதைச் சொல்ல முடியுமா? முடியும் என்றுதான் இப்போது படுகிறது. நாளைக்கு வேறு மாதிரிப் படும்.

இத்தனைக்கும் உபரி நீர் வெளியேறும் கலிங்கில் கட்டியிருந்த மீன் வலைக்காக அவரிடம் சண்டையே போட்டேன். அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் அணையும் ஒரு மீன்பிடி கிளப்பின் சொத்துதான். அங்கும் மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் வலை. 1889 பெருமழையில் குப்பை வந்து அதை அடைத்தது, கரைமேல் நீர் வழிந்து அணை உடைந்தது, கீழே ஜான்ஸ்டவுன் பக்கம் 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். சொல்லி முடித்த அரை மணி நேரத்தில் வலையை அறுத்துவிட்டார். சொன்னால் கேட்கிற மனிதர். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் போனில் கூப்பிட்டு, மாதம் ஒருமுறை கசிவைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். தவறாமல் அனுப்புகிறார். போன மாதப் படத்தில் ஈரத் தடம் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. கிட்டே நின்று எடுத்தாரோ என்னவோ. பக்கத்தில் ஒரு அளவுக்குச்சி நட்டு எடுக்கச் சொல்ல வேண்டும்.