ராத்திரி இரண்டு மணிக்கு ஒடிந்த கம்பி

டொக்கென்று ஒரு சத்தம். அத்தனை காற்று இரைச்சலிலும் அது மட்டும் தனியாகக் கேட்டது. கண்ணைத் திறந்தால் டென்ட் துணி மூக்கில் இடிக்கிறது. மணி இரண்டு.

டார்ச் அடித்துப் பார்த்தேன். டென்டை வளைவாகத் தாங்கி நிற்கும் கம்பி, ஒன்றுக்குள் ஒன்று சொருகுகிற குழாய்த் துண்டுகளால் ஆனது. அதன் மூன்றாவது துண்டும் நான்காவது துண்டும் சேருகிற இடத்தில் குழாயின் வாய் பிளந்து விரிந்திருந்தது. அந்தக் கூரான விளிம்பு மேல்துணியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது.

கம்பி ஒடிந்தால் மேலே மாட்டுவதற்கென்றே ஒரு சாண் நீளத்தில், கொஞ்சம் அகலமான குழாய் ஒன்று டென்டோடு வந்திருந்தது. இந்தச் சுமை எதற்கு என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன புத்திசாலி நான். அதனால் இரண்டு முளைகளைப் பிடுங்கி, ஒடிந்த இடத்துக்கு இருபுறமும் வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவதுபோல டேப்பைச் சுற்றினேன். முளையின் முனை துணியைக் கிழிக்காமல் இருக்க மேலே ஒரு காலுறை. வளைவு முழங்கை மாதிரி கோணலாகத்தான் நின்றது. ஆனாலும் விடியும்வரை தாங்கியது.

அன்றைக்கு முழுக்கக் காற்றைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் தப்பு யார் மேல் என்று புரிந்தது. குழாயின் நடுவில் ஒரு கீறல்கூட இல்லை, வாய் மட்டும் பிளந்திருந்தது. அதாவது, ஒரு துண்டு இன்னொன்றுக்குள் முழுசாக இறங்காமல் நின்றிருக்கிறது. முழுசாக இறங்கினால் வளைகிற பாரம் இணைப்பின் நீளம் முழுக்கப் பரவும். அரைகுறையாக நின்றால் அத்தனையும் மெல்லிய விளிம்பின் தலையில்தான் விழும். இருட்டுவதற்குள் டென்டைப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் கம்பியைத் துணி உறைக்குள் தள்ளுவதற்குப் பதில் மறுபக்கத்திலிருந்து இழுத்திருந்தேன். இழுத்தால் குழாய்களுக்குள் ஓடி அவற்றைக் கோத்திருக்கும் எலாஸ்டிக் கயிறு நீண்டு இணைப்பு கழன்றுகொள்ளும், உறைக்குள் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. இப்போதெல்லாம் தள்ளித்தான் விடுகிறேன். அப்புறம் ஒவ்வொரு இணைப்பையும் உறைக்கு மேலாகவே தடவிப் பார்க்கிறேன்.

ஒடிந்த துண்டை மாற்றுவது நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை. கடைசி முனையைக் கழற்றி, எலாஸ்டிக்கின் முடிச்சை அவிழ்த்து, துண்டுகளை வரிசை மாறாமல் தரையில் அடுக்கிக்கொண்டால் போதும். ஆனால் விட்டத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். 8.5 மி.மீ. குழாயும் 9 மி.மீ. குழாயும் கையில் ஒன்றுபோலவே இருக்கும், சொருகும்போதுதான் வேறு வேறு என்று தெரியும். வெர்னியர் அளவுகோல் வைத்து வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் அளந்துதான் வாங்க வேண்டும். எலாஸ்டிக்கும் தொய்ந்து போயிருந்ததால் அதையும் மாற்றினேன். முதல் தடவை ரொம்பக் குட்டையாக வெட்டிவிட்டேன். மடக்கிய கம்பி துள்ளி வந்து என் விரல் முட்டியில் ஓர் அடி கொடுத்தது. இணைப்புகள் தானாக மூடிக்கொள்கிற அளவு இழுவிசை இருந்தால் போதும்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஒடியாமல் லேசாக வளைந்துவிட்ட அலுமினியக் கம்பியை முழங்காலில் வைத்து நிமிர்த்த வேண்டாம். நிமிர்த்துகிற இடத்தில்தான் அடுத்து விரிசல் விடும்.

புதிதாக வாங்குவதென்றால்? ஃபைபர்கிளாஸ் கம்பி எனக்கு ஆகாது. எடை அதிகம், ஒடிந்தால் நீளவாக்கில் நார் நாராகப் பிளந்து கையில் சிராய் ஏறும். கார்பன் இறகு மாதிரி இருக்கும், ஆனால் முறிகிற நேரத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். காற்றுக்கு என் ஓட்டு 7075 ரகம் மாதிரியான, துத்தநாகம் கலந்த அலுமினியத்துக்குத்தான். வளைந்து கொடுக்கும், பழுதுபார்க்கவும் இடம் கொடுக்கும். எடைக்குக் கஞ்சத்தனம் பார்க்காமல் விட்டத்தைப் பாருங்கள். சுவர்த் தடிமன் ஒன்றாகவே இருந்தாலும் 8.5-இலிருந்து 10.2 மி.மீ. போனால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் கூடுதல் எடை உறுத்தாது. கம்பிகள் ஒன்றையொன்று எத்தனை இடத்தில் குறுக்கே வெட்டுகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். உச்சியில் ஒரே இடத்தில் வெட்டுகிற இரண்டு கம்பி டென்ட் பலத்த காற்றில் பக்கவாட்டில் அமுங்கிவிடும்.

சரி, எவ்வளவு நல்ல கம்பி வாங்கினாலும், டென்டின் வெளிப்பக்கத்திலிருந்து தரை முளைக்குப் போகும் கயிறுகளை இழுத்துக் கட்டாவிட்டால் பயனில்லை. கயிறு துணியை மட்டும் பிடித்தால் கம்பி உள்ளே தன்பாட்டுக்கு ஆடும். கயிறு மாட்டுகிற இடத்துக்கு நேர் உள்ளே, மேல்துணியின் அடியில், சின்னதாக ஒரு வெல்க்ரோ பட்டை இருக்கும். அதைக் கம்பியைச் சுற்றி ஒட்டினால்தான் கயிற்றின் பிடி கம்பிக்குப் போகும். என் டென்டிலும் அப்படி நான்கு பட்டைகள் இருந்தன. மூன்று வருடமாக அவற்றைத் துணியைச் சுருட்டிக் கட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.