ரூஜ் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு சனிக்கிழமை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடியேறி ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் ஓர் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கிறது என்பதை நான் அறிந்தேன். இரவு வேலை, பகல் உறக்கம், வார இறுதியில் தமிழ்க் கடை, ஊருக்குத் தொலைபேசி என்று ஓடிய நாட்களில், லோரன்ஸ் வீதியின் கிழக்கு முனைவரை போவதற்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. வேலைத்தளத்தில் என்னுடன் நிற்கும் அண்ணை ஒருவர், நான் பழைய கமரா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு பிறந்தநாள் விழாக்களை மட்டும் படம் எடுப்பதைக் கேள்விப்பட்டு, "சனிக்கிழமை விடியக் காலமை ஏழு மணிக்கு வெளிக்கிட்டு நில்லும் தம்பி, சப்பாத்து மட்டும் நல்லதாய்ப் போடும்" என்றார்.

அவர் யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். முப்பத்தாறு படங்கள் கொண்ட ஒரு பிலிம் சுருளுக்குள் முழுக் கலியாணத்தையும் அடக்கிப் பழகியவர் என்பதால், டிஜிட்டல் கமரா கைக்கு வந்த பின்னரும் அவருடைய விரல் எளிதில் பொத்தானை அழுத்துவதில்லை. அன்று முதல் அரை மணி நேரத்தில் நான் இருநூறு படங்களைத் தாண்டியிருந்தபோது, அவர் எடுத்தவை எட்டோ ஒன்பதோதான்.

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா 2015ஆம் ஆண்டு சட்டப்படி நிறுவப்பட்டது. கனடாவில் அந்த வகையில் அதுவே முதலாவது. பூங்கா என்ற சொல்லைக் கேட்டதும் வேலியும் இருக்கையும் பூச்செடியுமாக ஓர் இடத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு, காடும் வயலும் சதுப்பு நிலமுமாக ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றருக்கு விரிந்து கிடக்கும் அந்த நிலத்தைப் பூங்கா என்று அழைக்க இன்றைக்கும் வாய் வருவதில்லை. உள்ளே நுழையக் கட்டணமும் இல்லை. அங்குள்ள நடைபாதைகளில் ஒன்றுக்கு 'மாஸ்ற்' என்று பெயர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் கப்பல்களுக்குப் பாய்மரம் செய்ய வெட்டிய பைன் மரங்களை இழுத்துச் சென்ற தடமாம் அது. நாங்கள் அந்தப் பக்கம் போகாமல், ஏரிக் கரையோடு ரயில் பாலம் செல்லும் முகத்துவாரத்துக்கே போனோம்.

ஒக்ரோபர் மாதக் கடைசி. மேப்பிள் மரங்கள் பெரும்பாலும் இலை கொட்டிவிட்டன. ஓக் மரங்கள் மட்டும் பழுப்பு இலைகளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றன. சம்பங்கோரைகளின் நுனியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அண்ணை தன் மேலதிக பற்றரிகள் இரண்டையும் சட்டையின் உட்பையில், உடலோடு ஒட்டி வைத்திருந்தார். குளிரில் வெளியே வைத்தால் அவை விரைவில் சோர்ந்துவிடும். போர்க்காலத்தில் பற்றரிக்குத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ரேடியோவின் பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்துப் பாவித்த கதை அங்கிருந்து தொடங்கியது. பற்றரிக்குச் சூடு காட்டும் வேலை கனடாவிலும் அவரை விடவில்லை.

கமராவுடன் வெளியில் திரிந்தாலே விசாரணை வரக்கூடிய ஊரில் வளர்ந்த எனக்கு, நீண்ட லென்ஸைப் பிடித்துக்கொண்டு ரயில் பாலத்தருகே நிற்பது முதலில் பதற்றமாகவே இருந்தது. நாயுடன் நடந்துவந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் நேராக எங்களை நோக்கி வந்தபோது, எங்கே வேலை செய்கிறேன், எதற்காக நிற்கிறேன் என்ற விளக்கங்களை ஆங்கிலத்தில் மனதுக்குள் அடுக்கிவிட்டேன். அவரோ, என்ன பறவை கண்டீர்கள் என்று கேட்டு, சற்று மேலே பட்டமரம் ஒன்றில் மீன்கொத்தி இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். போய்ப் பார்த்தோம், மார்பில் செம்பழுப்புப் பட்டை இருந்ததால் அது பெண் பறவை என்றார் அண்ணை. இந்த இனத்தில் பெண்ணுக்குத்தான் அழகு கூடுதலாம்.

முகத்துவாரத்தின் கரிய நீரில் அன்னங்கள் இரண்டு மிதந்தன. நான் எடுத்த படங்களில் அவை இறகே தெரியாத வெறும் வெள்ளைத் திட்டுகளாக இருந்தன. "கமராவுக்கு எல்லாம் சாம்பலாய்த்தான் இருக்கவேணும். கறுப்புத் தண்ணியைக் கண்டு வெளிச்சத்தைக் கூட்டுது. தம்பி, நீர் அதை ஒரு படி குறைக்கவேணும். பனி கொட்டினால் அதே கமரா பனியையும் சாம்பலாக்கும், அப்ப கூட்டவேணும்" என்று சொல்லிவிட்டு, அன்னத்தின் அலகைப் பார்க்கச் சொன்னார். செம்மஞ்சள் அலகு என்றால் முன்னோர் ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். கறுப்பு அலகு என்றால் பெரும்பாலும் இந்த மண்ணுக்கே உரிய ட்ரம்பெட்டர் அன்னம். ஒன்ராறியோவில் வேட்டையாடி அற்றுப்போகச் செய்யப்பட்ட இந்த இரண்டாம் இனத்தை, 1980களில் ஹரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் முட்டைகளை வருவித்துக் குஞ்சு பொரிக்கவைத்து மீண்டும் பெருக்கினார். எங்கள் முன் மிதந்தவை செம்மஞ்சள் அலகுக்காரர்கள்.

கோரைகளின் ஓரத்தில் பெரிய நீல நாரை ஒன்று நின்றது. அதை நான் கவனிக்கவேயில்லை. அண்ணை என் தோளைத் தொட்டுக் காட்டிய பின்னும் காய்ந்த தண்டு என்றே நினைத்தேன். கிட்டப் போக எழுந்தவனை அவர் இருத்திவிட்டார். குளிர்காலத்துக்கு முன் அது தின்று தேற வேண்டிய நேரம், நாங்கள் எழுப்பிவிட்டால் ஒரு வேளைச் சாப்பாடு போய்விடும் என்பது அவருடைய கணக்கு. இருபத்தைந்து நிமிடங்கள் அது அசையவில்லை, நாங்களும் அசையவில்லை. வேலை நேரத்தில் பதினைந்து நிமிட இடைவேளையைக்கூட மணிக்கூட்டைப் பார்த்தபடி கழிக்கும் நான், ஈரம் ஊறிய மரக்கட்டையில் அவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்ததை எனக்கே நம்ப முடியவில்லை. பிறகு கழுத்து நீண்டதைக்கூடக் காணவில்லை, தலை மட்டும் நீருக்குள் போய் வந்தது. அலகில் ஒரு மீன் துடித்தது. அந்த மீன் தொண்டைக்குள் சிறு வீக்கமாக மெல்ல இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் பொத்தானை அழுத்த மறந்துபோனேன். அண்ணை ஒரேயொரு படம் எடுத்தார். அதில் மீனின் வாலிலிருந்து தெறித்த நீர்த்துளிகளை எண்ணலாம்.

எனக்குக் கிடைத்தது, அது மீண்டும் அசையாமல் நின்ற ஒரு படம். மாலையில் அதை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். யாழ்ப்பாணத்தில் கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன அத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் யன்னலால் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா உடனேயே எடுத்தார். "உது பண்ணைக் கடலில நிக்கிற நாரையெல்லே. உதைப் படம் எடுக்கவோ கனடாவுக்குப் போனனீ?"