ஷேடு கார்டை மட்டும் நம்பி பெயின்ட் வாங்காதீர்கள்

படுக்கையறைக்கு பெயின்ட் அடிக்கப் போகிறோம். ஷேடு கார்டில் (பெயின்ட் நிறங்களைக் காட்டும் மாதிரி அட்டை) ஒரு நிறம் தீப்பெட்டி அளவுகூட இல்லை. அதுவே நான்கு சுவரிலும் ஏறினால் ஒன்றின் மேல் ஒன்று பிரதிபலித்து இன்னும் அழுத்தமாகத் தெரியும். அதனால் சின்ன டப்பாக்களாக வாங்கி, வெள்ளை சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். நேராகச் சுவரில் தீட்டினால் சுற்றியிருக்கும் பழைய பச்சை கண்ணைக் குழப்பும். பேப்பர் என்றால் ஜன்னல் பக்கம், பீரோ பக்கம் என்று மாற்றிப் பார்க்கலாம். ஈரத்தில் மட்டும் முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) காய்ந்தால் பெரும்பாலும் கொஞ்சம் அடர்ந்துவிடும்.

பெரிய வில்லன் விளக்குதான். பகலில் சாந்தமாக இருந்த சாம்பல், 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை எல்இடியில் நீலம் பாய்ந்து நிற்கிறது. 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் அதுவே பழுப்பாகிறது. மேற்கு ஜன்னல் என்பதால் சாயங்கால வெயிலில் இன்னொரு முகம். (அந்த அறையில் நாங்கள் இருப்பதே ராத்திரிதான். ஆகவே என் ஓட்டு ராத்திரி நிறத்துக்கு.)

அம்மாவுக்கு இளஞ்சந்தனம்தான் வேண்டும். பெயின்டரோ, "ஐவரி அடிச்சிடலாம் சார், அழுக்கே தெரியாது" என்கிறார். ஐவரியில் அழுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று யாராவது சொல்லுங்களேன்.