ரவுட்டர் ஐடியைக் கையால் எழுதிவிடுங்கள்

எங்கள் ரவுட்டர்கள் ஓஎஸ்பிஎஃப் என்ற முறையில் ஒன்றுக்கொன்று பாதைகளைச் சொல்லிக்கொள்ளும். அதில் ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு அடையாள எண் உண்டு, அதுதான் ரவுட்டர் ஐடி.

2022 மின்வெட்டுக் காலம். கொழும்பு கொட்டாஞ்சேனைக் கிளையில் யூபிஎஸ் பேட்டரி இறங்கி ரவுட்டர் அணைந்துபோய், கரண்ட் வந்ததும் தானாக எழும்பியது. லிங்க் சரி, பிங்கும் போகிறது, ஆனால் அந்த ரவுட்டருக்குப் பின்னால் இருந்த சின்னக் கிளை மட்டும் தலைமை அலுவலகத்துக்குத் தெரியவில்லை. ஓஎஸ்பிஎஃப் வலையமைப்பை ஏரியாக்களாகப் பிரிக்கும், நடு ஏரியாதான் ஏரியா 0. அந்தக் கிளையின் ஏரியா, ஏரியா 0-ஐ நேரே தொடாததால் வெர்ச்சுவல் லிங்க் போட்டு, அதாவது இடையில் உள்ள ஏரியா வழியாக ஐடியைச் சொல்லி இரண்டு ரவுட்டர்களைக் கட்டி, இணைத்திருந்தோம். அதுதான் விழுந்திருந்தது.

கன்ஃபிக்கில் யாரும் கை வைக்கவில்லை என்று அடித்துச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அண்ணா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, இது இதுக்கு முதல் எப்ப ரீஸ்டார்ட் ஆனது?"

ஒன்றரை வருடமாக ஆகவே இல்லை. அந்த இடைவெளியில் ஏதோ சோதனைக்காக நான் 192.168.255.1 என்று இன்னொரு லூப்பேக் (கேபிள் இல்லாமல் ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் இன்டர்ஃபேஸ்) போட்டு, எடுக்காமல் விட்டிருந்தேன். நாங்கள் வைத்திருந்த சிஸ்கோ ரவுட்டரில், ஐடியை நாம் எழுதாவிட்டால் ஓஎஸ்பிஎஃப் லூப்பேக் முகவரிகளில் பெரியதை எடுத்துக்கொள்ளும், லூப்பேக்கே இல்லையென்றால் இயங்கிக்கொண்டிருக்கும் இன்டர்ஃபேஸ்களில் பெரியதை. ஆனால் அதை ப்ராசஸ் தொடங்கும்போது மட்டும்தான் செய்யும். அதனால் நான் போட்ட லூப்பேக் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து, அன்றைக்கு 10.10.0.7-ஐத் தள்ளிவிட்டு ஐடியாகிவிட்டது. தலைமை அலுவலகத்தில் வெர்ச்சுவல் லிங்க் பழைய ஐடியைத்தான் தேடிக்கொண்டிருந்தது. 10.10.0.7 என்று கையால் எழுதினேன். அது உடனே பிடிக்காது, ப்ராசஸைக் கிளியர் செய்ய வேண்டும், செய்தால் பக்கத்து ரவுட்டர்களோடு அந்த ரவுட்டருக்கு இருக்கும் அயல் உறவுகள் எல்லாம் ஒருமுறை அறும், ஆகவே கிளை மூடும்வரை காத்திருந்தோம்.

கையால் எழுதுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. வெள்ளவத்தையில் புதுக் கிளை திறந்தபோது புறக்கோட்டை ரவுட்டரின் கன்ஃபிக்கை அப்படியே காப்பி பண்ணினோம், ஐடியும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டும் நேரடி அயலாக இருந்திருந்தால் உறவே உருவாகாது, லொக்கிலும் உடனே தெரிந்திருக்கும். ஒரே ஏரியாவில் தள்ளித் தள்ளி இருந்ததால் இரண்டுமே தன் பெயரில் வந்த மற்றதன் தகவலைப் பிழையென்று நினைத்து, எது புதியது என்று காட்டும் சீக்வென்ஸ் எண்ணைக் கூட்டிக் கூட்டித் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தன. ரூட் சில வினாடி இருக்கும், போகும், மறுபடி வரும். கேபிளில்தான் கோளாறு என்று அரை நாள் அலைந்தோம், பாவம், கேபிள் போட்டுத் தந்தவர் இரண்டு முறை வந்து போனார்.

இப்போது ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு லூப்பேக், அதே எண்ணே ஐடி, ஷீட்டில் ஒரு வரி, கழற்றிய ரவுட்டரின் எண்ணைத் திரும்பக் கொடுப்பதில்லை. ஐடி பிங் போக வேண்டுமென்று கட்டாயமில்லை, அது வெறும் 32 பிட் எண்தான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு லொக்கில் பார்த்த எண்ணுக்கே நேராக லொகின் பண்ண முடிவது பெரிய ஆறுதல். ஐபிவி6 மட்டும் ஓடும் ரவுட்டருக்கும் இதே ஷீட்தான்: ஐபிவி6-க்கு ஓடும் ஓஎஸ்பிஎஃப்வி3-க்கும் அந்த 32 பிட் ஐடி வேண்டும், எடுத்துக்கொள்ள அங்கே ஐபிவி4 முகவரியே இராது, நாம் எழுதினால்தான் ப்ராசஸ் எழும்பும்.