இரண்டு வரி ரிப்போர்ட்

“மறுபடியும் அறுப்பாங்களாம்மா?” என்று ஸ்கேன் எடுக்க என்னிடம் வந்தவர் கேட்டார். “அது சர்ஜன்தான் சொல்வார்” என்றேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் பதில்தான். பொய்யும் இல்லை.

தாராவிக்காரர், பேச்சில் திருநெல்வேலி. மராத்திக்கும் இந்திக்கும் நடுவே தமிழ் காதில் விழுந்ததும் மடை திறந்த மாதிரி பேசினார். “போன மாசம் சுரண்டி எடுத்தாங்கல்லா, அதுக்கப்புறம்தான் இவ்வளவு பெருசாச்சு.” சர்ஜன் எழுதி அனுப்பிய சீட்டில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: இடது கால் புண், உள்ளே சீழ் உண்டா?

புண்ணைத் தொடவே விடவில்லை. உடம்பில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் ப்ரோபுக்கு உறை மாட்டி, ஜெல்லைக் குவித்து, அதன் மேல் மிதக்கிற மாதிரிப் பிடித்தேன். அழுத்தினால் சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்கி, ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரில் ஒன்றும் தெரியாமல் போய்விடும். அன்று அழுத்த வழியில்லாததால் புண்ணின் ஓரம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் பொரிந்தது. தோல் தடித்துத் திரையில் கறுப்பாகக் கிடந்தது. அடியிலிருந்த கொழுப்பில் நீர் கோத்திருந்தது. சிரைகளில் ரத்தம் பின்னோக்கி ஓடவில்லை. சீழ்த் தேக்கம் இல்லை.

‘சீழ் இல்லை. ஓரத்தில் ரத்த ஓட்டம் அதிகம். மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்.’ இவ்வளவுதான் எழுதினேன். சுரண்டியபின் பெரிதானது என்று அவர் சொன்னதை எழுதவில்லை.

பயோடெர்மா கேங்கிரினோசம் என்ற பெயர் எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. 1930இல் மேயோ கிளினிக்கில் வைத்த பெயர். ‘பயோ’ என்றால் சீழ், கூடவே அழுகலும். உண்மையில் இது கிருமிப் புண்ணே அல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறுவதால் வருவது. சிலருக்குக் கத்தி பட்டாலே புண் பரவும். ஆனால் ஸ்கேன் அதை உறுதி செய்யாது. கிருமித் தொற்றிலும் தோல் தடிக்கும், ரத்த ஓட்டம் கூடும். திரையை மட்டும் பார்த்து நோய்க்குப் பெயர் வைப்பது என் வேலையா? இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் அவர் சொன்னது திரையில் வந்ததல்லவே. தோல் மருத்துவர் தன் அறையில் தானே ப்ரோபை வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்திருந்தால் வேறு கதை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தால் இங்கே ஒவ்வொரு ஸ்கேன் மெஷினும் இடத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். நினைத்த இடத்துக்கெல்லாம் தள்ளிக்கொண்டு போக முடியாது. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. இருட்டறையில் நான் கேட்டதை வெளியே கொண்டுபோக அந்த இரண்டு வரியைத் தவிர வேறு வழியில்லை என்கிறேன்.

டிப்ரைட்மென்ட் நடந்தது, அதாவது புண்ணை மறுபடியும் சுரண்டி எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துப் புண் இரட்டிப்பாகித் திரும்பி வந்தார். அப்புறம் தோல் பிரிவு, பயாப்ஸி, ஸ்டீராய்டு. இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடிய குடல் அழற்சியும் இருந்ததாம். முதல் நாள் ஸ்கேனுக்கு நடுவே இரண்டு தடவை கழிவறைக்குப் போய் வந்தார். சர்க்கரை என்று நினைத்துக்கொண்டேன். புண் ஆறியது, சல்லடை போட்டது போன்ற தழும்போடு. என் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் பிழை இல்லையே.

போன மாதம் இதே மாதிரி ஒரு கால். இந்த முறை சர்ஜனுக்கு நானே போன் செய்து, “கொஞ்சம் பொறுங்கள், தோல் பிரிவில் காட்டிவிட்டு அறுக்கலாம்” என்றேன். பொறுத்தார். இரண்டாம் நாள் அந்த மனிதருக்குக் காய்ச்சல் ஏறியது. உள்ளே கெட்டிச் சீழ்; சுற்றியிருந்த சதையைப் போலவே திரையில் தெரிந்ததால் விட்டுவிட்டேன். அழுத்திப் பார்த்திருந்தால் அசைந்திருக்கும். வலிக்கிறது என்றார், அழுத்தவில்லை.

சர்ஜன் கோபப்படவில்லை. “பரவாயில்லை மேடம், அடுத்த தடவை ரிப்போர்ட் மட்டும் அனுப்புங்கள்” என்றார்.