சக்கரவள்ளிக் கிழங்குப் பெரட்டல்: கருகாமல், குழையாமல்

உருளைக்கிழங்குப் பெரட்டல் கைவந்தவர்கள்கூடச் சக்கரவள்ளியில் சறுக்குவார்கள். அதே வெட்டு, அதே எண்ணெய், அதே அடுப்புதான். ஆனால் வெளியே கறுத்து உள்ளே நறுக்கென்று நிற்கும், இல்லாவிட்டால் கரண்டி பட்டதும் களியாகிவிடும்.

எல்லாம் சர்க்கரை செய்கிற வேலை. உருளையில் சர்க்கரை கொஞ்சம்தான். சக்கரவள்ளியிலோ ஏற்கெனவே இருப்பது போதாதென்று, சூடு ஏறும்போது மாவுச்சத்தும் சர்க்கரையாக மாறிக்கொண்டிருக்கும். கிழங்கிலேயே இருக்கும் ஒரு நொதி சுமார் 60 முதல் 75 பாகை செல்சியஸ் வரை மும்முரமாக வேலை செய்து மாவை மால்டோஸ் என்ற சர்க்கரை ஆக்குகிறது. அந்தச் சூட்டை மெதுவாகக் கடந்தால் இனிப்பு கூடும். வெளிப்பக்கம் எண்ணெயில் படும் இடத்திலோ சர்க்கரை சீக்கிரம் சிவந்து, சிவந்த கையோடு கருகும். ஆகவே உள்ளே முதலில் வேக வேண்டும், நிறம் கடைசியில் வர வேண்டும். கீழே உள்ளதெல்லாம் இந்த ஒரு கணக்குக்குத்தான்.

மூன்று வழியில் செய்து பார்த்தது

பச்சைத் துண்டுகளை நேரே காய்ந்த எண்ணெயில் போட்டால் ஐந்து நிமிடத்தில் அழகான நிறம் வரும். கடித்தால் நடுவில் பச்சை வாடை. வேகட்டும் என்று விட்டால் ஓரமெல்லாம் கசக்கும். துண்டை அரை சென்டிமீட்டர் வில்லையாகச் சீவினால் இந்த வழி ஒத்துவரும், ஆனால் அது பெரட்டல் ஆகாது, வறுவல்தான்.

அவித்துவிட்டுப் பெரட்டுவது பலர் வீட்டுப் பழக்கம். முழுக்க அவித்த கிழங்கு தண்ணீரைக் குடித்திருக்கும். சட்டியில் போட்டதும் அந்த ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் நிறம் பிடிக்காது, நிறத்துக்காகப் புரட்டினால் உடையும். அவித்தே ஆக வேண்டும் என்றால் முக்கால் வேக்காட்டில் வடிகட்டி, தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, மேற்பரப்பு காய்ந்த பிறகு எண்ணெயில் போட வேண்டும். அவிக்கும் தண்ணீரில் ஒரு சுளை புளி போட்டால் துண்டு உருக்குலையாது. புளிப்பு இருக்கும்போது காய்கறிகளின் நார்ச்சத்து லேசில் கரையாது.

திருப்தி தந்தது மூன்றாவது வழி: ஒரே சட்டியில் முதலில் மூடிபோட்டுச் சிறுதீயில், பிறகு மூடியைத் திறந்து நடுத்தீயில்.

கிழங்கு

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பாசாரில் (சந்தையில்) மஞ்சள், ஆரஞ்சு, ஊதா மூன்றும் கண்ணில் படும். மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி வெளியிட்ட ரகங்களில் விட்டாட்டோ ஆரஞ்சு, அங்குன் ஊதா. பெரட்டலுக்கு என் ஓட்டு மஞ்சளுக்கு. ஈரம் அளவாக இருப்பதால் ஓரம் மொறுமொறுப்பாகும், நடு மாவாக இருக்கும். ஆரஞ்சில் ஈரம் அதிகம், சீக்கிரம் குழையும். அதை 2 சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, மூடிபோடும் நேரத்தை இரண்டு நிமிடம் குறைக்க வேண்டும். ஊதா இறுகிய கிழங்கு. 1 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பொறுமை சோதிக்கப்படும்.

இன்னொன்று: அவித்துத் தின்ன, தோண்டிச் சில வாரம் இருந்த கிழங்குதான் ருசி, வைக்க வைக்க இனிப்பு ஏறும். பெரட்டலுக்கு நேர்மாறு. தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொடி போட்டிருப்பவர்கள் நேற்றுத் தோண்டிய கிழங்கைக் கொடுத்தால் விட வேண்டாம். அதில் சர்க்கரை குறைவு, அதனால் கருகும் வேகமும் குறைவு.

குளிர்பெட்டியில் வைத்த பச்சைக் கிழங்கு ஆகாது. சுமார் 13 பாகைக்குக் கீழே கிடந்தால் நடுப்பகுதி கெட்டித்துப்போய், எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. காற்றோட்டமான மூலையில் வெறும் கூடை போதும். தோலில் ஊசித் துளைகள் இருந்தால் கூன்வண்டு புகுந்திருக்கிறது. பழுதான இடத்தை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுச் சமைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. கிழங்கையே தூக்கிப் போடுங்கள்.

நாலு பேருக்கு அளவு

தோல் சீவிய மஞ்சள் கிழங்கு 500 கிராம், எண்ணெய் 3 மேசைக்கரண்டி (பாக்கெட் பாமாயிலே நன்றாக வரும்), கடுகு அரைத் தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு 1 தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 3, சின்ன வெங்காயம் 8, கறிவேப்பிலை 2 இணுக்கு, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி.

இரண்டு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள், நார் அங்கேதான் சேரும். 1.5 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள். வெட்டும்போது வரும் வெள்ளைப் பால் கத்தியிலும் விரலிலும் பிசின்போல ஒட்டும், முன்கூட்டியே துளி எண்ணெய் தடவிக்கொண்டால் தொல்லையில்லை. வெட்டியதைக் காற்றில் விட்டால் கறுக்கும், தண்ணீரில் போடுங்கள். பத்து நிமிடம் போதும், மேல்மாவும் கழுவிப்போகும். அந்த மாவுதான் சட்டியில் அடிபிடிக்கிறது. பிறகு வடித்து, துணியில் கொட்டி ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் எண்ணெய் தெறிக்கும், கிழங்கும் ஒட்டும்.

குவாலியை (குழிவான வாணலியை) விட, தட்டையான அடிகனச் சட்டி நல்லது. குவாலியில் அடிப்பகுதி மட்டும் கொதிக்கும், ஓரத்தில் ஏறிய துண்டுகள் வெறுமனே புழுங்கும். 28 சென்டிமீட்டர் சட்டியில் 500 கிராம் ஒரே அடுக்காகப் பரவும். குவாலிதான் இருக்கிறது என்றால் 300 கிராமுக்கு மேல் போடாதீர்கள்.

எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்து, மிளகாய், இரண்டாக அரிந்த வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் தாளித்து, வெங்காயம் பொன்னிறமானதும் அரிகரண்டியால் மொத்தத்தையும் தனியே எடுத்துவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் அடுத்த கால் மணி நேரத்தில் அது கரியாகிவிடும். வாசம் ஏறிய எண்ணெய்தான் நமக்கு வேண்டும்.

அந்த எண்ணெயில் கிழங்கு, மஞ்சள்தூள், உப்பு. ஒருமுறை புரட்டி, 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, இறுக்கமான மூடி போட்டு, தீயை ஆகக் குறைத்து 7 நிமிடம். நடுவில் ஒரே ஒரு தடவை சட்டியைக் குலுக்கினால் போதும், கரண்டி வேண்டாம். கத்தி முனை லேசான தடையோடு உள்ளே போக வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் தாமதம், உடனே மூடியை எடுத்துவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது அதன் அடியில் நிற்கும் தண்ணீரைச் சட்டிக்குள் வடியவிடக் கூடாது.

இப்போது நடுத்தீ. சலசலவென்ற ஈரச் சத்தம் அடங்கி, பொரியும் சன்னச் சத்தம் வரும்வரை தொடாதீர்கள். தண்ணீர் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைக்கரண்டியை அடியில் கொடுத்துத் திருப்ப வேண்டும், கிளறக் கூடாது. ஒட்டுகிற துண்டை இழுக்காமல் இன்னும் அரை நிமிடம் விட்டால், சிவந்ததும் தானே விடும். மூன்று நான்கு திருப்பலில் இரு பக்கமாவது சிவந்திருக்கும்.

மிளகாய்த்தூளை முதலிலேயே போடுவதுதான் பரவலான பிழை. தூளும் கிழங்கின் சர்க்கரையும் சேர்ந்து கறுத்து, மொத்தமும் கசக்கும். கடைசி இரண்டு நிமிடம், தீயைத் தணித்து, மிளகாய்த்தூளையும் சோம்புத்தூளையும் தூவி, எடுத்து வைத்த தாளிப்பைக் கொட்டிப் பிரட்டி இறக்குங்கள். கறித்தூள் போடுவதென்றால் ஒன்றரைத் தேக்கரண்டி. அதில் மல்லி அதிகம், எண்ணெயை இழுக்கும், கூடவே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட வேண்டும்.

இனிப்புக்கு எதிரில் காரமும் புளிப்பும் இருந்தால்தான் சோற்றோடு போகும். அடுப்பை அணைத்த பிறகு இரண்டு லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) பிழியுங்கள். ரசம் சோற்றுக்கு இது கச்சிதம். பருப்புச் சாம்பாரோடு என்றால் பிழிய வேண்டாம், சாம்பாரில் புளி இருக்கிறது. ஊதாக் கிழங்கில் பிழிந்தால் நிறம் சிவப்புப் பக்கம் திரும்பும், பார்க்க ஜோர். ஊதாவுக்கு மஞ்சள்தூள் சேர்த்தால் சேற்று நிறமாகும், விட்டுவிடலாம். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போட்டால் இன்னும் மோசம், நீலமும் பச்சையுமாகிச் சாப்பிடவே மனம் வராது.

நெத்திலி சேர்ப்பவர்கள் 30 கிராம் இக்கான் பிலிஸைக் கழுவி, காயவைத்து, தனியே மொறுமொறுவென்று பொரித்துப் பரிமாறும்போது மேலே தூவுங்கள். அப்போது கிழங்குக்கு உப்பு கால் தேக்கரண்டி மட்டும். சட்டியில் சேர்த்துப் பிரட்டினால் நெத்திலி ஈரம் வாங்கி ரப்பராகிவிடும்.

மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கெட்டியாகியிருக்கும். மாவு இறுகியதால் அப்படி, கெட்டுப்போகவில்லை. ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிபோட்டுச் சிறுதீயில் மூன்று நிமிடம், திறந்து இரண்டு நிமிடம். மைக்ரோவேவில் மென்மை திரும்பும், மொறுமொறுப்பு வராது. அதைக் கரண்டியால் மசித்துச் சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டலாம்.